பதவி போனால் தண்டனை முடிந்ததா?

"மேற்படி நபரைப் பதவிநீக்கம் செய்து, தக்க தண்டனை வழங்குமாறு வேண்டுகிறேன்." கடலூர், புதுச்சேரி வட்டாரத்துப் புகார் மனுக்களில் கடைசி வரி பல சமயம் இப்படித்தான் இருக்கும். ஒரே வரிக்குள் இரண்டு வேண்டுகோள்கள். இரண்டும் போய்ச் சேரவேண்டிய இடங்களோ வேறு வேறு. பதவியைப் பறிப்பவருக்குச் சிறையில் அடைக்கும் அதிகாரம் கிடையாது. அதனால் இந்த மனு இரண்டு மேசைகளுக்கும் அலைந்துவிட்டு, எதிலும் நிற்காமல் கோப்பில் படுத்துவிடுகிறது.

இந்தக் குழப்பம் நாட்டின் உச்சப் பதவி வரைக்கும் இருக்கிறது. குடியரசுத் தலைவரை நீக்கும் வழியை அரசமைப்புச் சட்டத்தின் 61-ஆவது பிரிவு சொல்கிறது. 'இம்பீச்மென்ட்' (குற்றம் சாட்டி, விசாரித்துப் பதவிநீக்குவது) என்ற சொல் நம் அரசமைப்பில் அவருக்கு மட்டுமே உரியது. குற்றச்சாட்டு ஒன்றே ஒன்றுதான்: அரசமைப்பை மீறியது. நாடாளுமன்றத்தின் ஓர் அவையின் மொத்த உறுப்பினர்களில் கால் பங்குப் பேர் கையெழுத்திட்டு 14 நாள் முன்னறிவிப்புத் தரவேண்டும். 543 பேர் கொண்ட மக்களவையில் அது 136 கையெழுத்து. அந்த அவையில் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 362 பேர், ஆதரிக்க வேண்டும். வந்திருப்பவர்களில் மூன்றில் இரண்டு போதாது. அதன்பின் மற்ற அவை விசாரிக்கும். அங்கும் அதே அளவு ஆதரவு, 245 பேரில் 164, கிடைத்தால் அந்த நாளிலிருந்தே பதவி போய்விடும். புதுச்சேரியின் 30 எம்.எல்.ஏ.க்கள் குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்களிக்கிறார்கள். அவரை நீக்கும்போது அவர்களுக்கு வாக்கு இல்லை. நமக்கிருக்கும் ஒரு மக்களவை உறுப்பினரும் ஒரு மாநிலங்களவை உறுப்பினரும்தான் கணக்கு. இதுவரை எந்தக் குடியரசுத் தலைவரும் இப்படி நீக்கப்பட்டதில்லை.

தீர்மானம் நிறைவேறினால் என்ன தண்டனை? 61-ஆவது பிரிவில் அபராதம் இல்லை, சிறை இல்லை, இனி தேர்தலில் நிற்கக்கூடாது என்ற தடையும் இல்லை. பதவி போகும், அவ்வளவுதான். ஓய்வூதியம் போவதுகூட 1951-ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தால்தான்: பதவிக்காலம் முடிந்தோ ராஜினாமா செய்தோ விலகியவருக்கே அந்தச் சட்டம் ஓய்வூதியம் தருகிறது.

அப்படியானால் குற்றம் செய்தவர் தப்பித்துவிடுவாரா? இல்லை. பதவியில் இருக்கும்வரை அவர்மேல் குற்றவழக்கு கூடாது என்று 361-ஆவது பிரிவு காக்கிறது. பதவி போன மறுநாள் அந்தக் காப்பு இல்லை. நாடாளுமன்றம் நீக்கியதை நீதிமன்றம் தந்த தண்டனையாகக் கொள்ள முடியாது. ஆகவே ஒரே குற்றத்துக்கு இருமுறை தண்டிக்கக்கூடாது என்னும் 20-ஆவது பிரிவும் குறுக்கே வராது. வழக்கில் இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விழுந்தால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி சிறைக்காலமும், விடுதலைக்குப் பின் ஆறு ஆண்டும் தேர்தலில் நிற்க முடியாது. பதவிநீக்கம் தராத தடையைக் குற்றவியல் நீதிமன்றம்தான் தருகிறது. பலரும் தவறவிடும் இடம் இது.

எதற்காக இப்படிப் பிரித்தார்கள்? பதில் நம் கடற்கரையிலேயே கிடக்கிறது. 1758-இல் கடலூர் தேவனாம்பட்டினத்தின் புனித டேவிட் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லாலி, 1761-இல் புதுச்சேரியை ஆங்கிலேயரிடம் இழந்தார். தோற்றதைத் துரோகமாக்கி, 1766-இல் பாரிஸில் தலையை வெட்டினார்கள். ஆட்சியில் தவறியதற்கும் குற்றம் செய்ததற்கும் இடையே கோடு இல்லாவிட்டால் இதுதான் நடக்கும். இங்கிலாந்திலும் நாடாளுமன்றம் இம்பீச்மென்ட் வழியாகச் சிறையும் மரணதண்டனையும் விதிக்க முடிந்தது. 1787-இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசமைப்பு இந்த வழியை வெட்டியது: நாடாளுமன்ற மேலவையான செனட் தரும் தீர்ப்பு பதவிநீக்கம், இனிப் பதவி வகிக்கத் தடை ஆகிய இரண்டைத் தாண்டக்கூடாது, மற்றது நீதிமன்றத்தின் வேலை. அந்தத் தடையும் தானாக வராது, தனி வாக்கெடுப்பு வேண்டும். ஆல்சி ஹேஸ்டிங்ஸ் என்ற நீதிபதியைக் குற்றவழக்கில் 1983-இல் ஜூரி விடுவித்தது. 1989-இல் செனட் பதவிநீக்கியது. தடைக்கு வாக்கெடுக்காததால் 1992-இல் அவர் நாடாளுமன்ற உறுப்பினராகவே தேர்வானார்.

நம் நீதிபதிகள் விஷயத்திலும் கோடு இதேதான். மக்களவையில் 100 பேரோ மாநிலங்களவையில் 50 பேரோ கையெழுத்திட வேண்டும். அதை அவைத்தலைவர் ஏற்றால், 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி மூவர் குழு விசாரிக்கும். உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ராமசாமி மீதான 14 குற்றச்சாட்டுகளில் 11 நிரூபணமானதாகக் குழு சொன்னது. 1993-இல் மக்களவையில் ஆதரவு 196, எதிர்ப்பு இல்லை, வாக்களிக்காமல் இருந்தவர்கள் 205. தீர்மானம் விழுந்தது. இதைக் 'குற்றமற்றவர் என்ற தீர்ப்பு' என்று படிப்பது தவறு. போதிய வாக்கு சேரவில்லை என்பது மட்டுமே பொருள். கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி சௌமித்ர சென் 2011-இல் மாநிலங்களவை நீக்கத் தீர்மானத்தை நிறைவேற்றியபின், மக்களவை வாக்கெடுப்புக்கு முன் ராஜினாமா செய்தார். பதவிநீக்க நடவடிக்கை அத்தோடு நின்றது. ஆனால் ராஜினாமாவால் குற்றவழக்கு நின்றுவிடாது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி கே. வீராசாமி வழக்கில், நீதிபதியும் ஊழல் தடுப்புச் சட்டத்தின் கீழ் பொது ஊழியரே என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

துணைநிலை ஆளுநர், எம்.எல்.ஏ., மாவட்ட ஆட்சியர் யாருக்கும் இம்பீச்மென்ட் கிடையாது. துணைநிலை ஆளுநரை நியமிப்பவரும் நீக்குபவரும் குடியரசுத் தலைவரே. கடலூர் மாவட்டத்துக் கிராம ஊராட்சித் தலைவர் என்றால் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆவது பிரிவு, ஆட்சியர் வழியாக. அங்கும் போவது பதவிதான்; சுருட்டிய பணத்துக்குத் தனி வழக்கு.

ஆகவே மனுவை இரண்டாக எழுதுங்கள். பதவி பற்றியது நீக்கும் அதிகாரிக்கு. குற்றம் பற்றியது காவல்துறைக்கோ, லஞ்ச ஒழிப்புத் துறைக்கோ. யூனியன் பிரதேசமான புதுச்சேரியில் மாநில அரசின் இசைவு இல்லாமலே சி.பி.ஐ.யும் விசாரிக்கலாம். குற்ற மனுவில் 'முறைகேடு' என்ற பொதுச்சொல் பயன்படாது: எந்தத் தேதி, எவ்வளவு தொகை, எந்த ஆவணம், யார் கையெழுத்து என்று இருக்கவேண்டும். ஊழல் வழக்கை நீதிமன்றம் ஏற்க முன்அனுமதி தேவை. அதை மூன்று மாதத்தில், சட்ட ஆலோசனை வேண்டுமானால் இன்னும் ஒரு மாதத்தில், முடிவுசெய்ய முயலவேண்டும் என்கிறது சட்டம். 2018 திருத்தத்துக்குப் பின் ஓய்வுபெற்றவருக்கும் இது பொருந்தும். இன்னொன்று காலவரம்பு. மூன்று ஆண்டு வரை சிறை உள்ள குற்றங்களுக்கு மூன்று ஆண்டுக்குள் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். ஓராண்டு வரை உள்ளவற்றுக்கு ஓராண்டு. அபராதம் மட்டும் என்றால் ஆறு மாதம். 'முதலில் பதவி போகட்டும், பிறகு வழக்கு' என்று காத்திருப்பவர்கள் இந்த வரம்பில்தான் வழக்கை இழக்கிறார்கள். இரண்டு மனுக்களையும் ஒரே நாளில் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றுகளை வைத்துக்கொள்ளுங்கள்.