தனியார் குளத்துக் கரை எப்படி உடைகிறது?

புழல் ஏரியின் நீர்மட்டம் முழு அளவான 21.20 அடியை நெருங்கும்போது வடசென்னை முழுவதும் அதை அறிந்துகொள்கிறது. உபரிநீர் திறக்கப்படும் என்ற அறிவிப்பில் நாரவாரிகுப்பம், கிராண்ட்லைன், வடபெரும்பாக்கம், மணலி, கொசப்பூர், சடையங்குப்பம் என்று உபரிக் கால்வாயின் ஓரத்து ஊர்கள் வரிசையாக இடம்பெறுகின்றன. 3,300 மில்லியன் கன அடி நீர் கொள்ளும் அந்த ஏரியைக் கண்காணிக்கப் பொறியாளர்களும் பணியாளர்களும் இருக்கிறார்கள். ஆனால் செங்குன்றத்துக்கு அப்பால் ஒருவர் தம் பண்ணை வீட்டில் மீன் பிடிக்கவும் படகு விடவும் ஓர் ஓடையை மண்கரையால் மறித்துக் குளம் அமைத்தால், அதன் நீர்மட்டத்தை அவரைத் தவிர வேறு யாரும் பார்க்கப் போவதில்லை. அதன் கரைக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கோ அங்கே ஒரு குளம் இருப்பதே தெரியாமல் இருக்கலாம்.

அத்தகைய குளத்தைச் சிறியது என்று சொல்லும்போது எதை அளந்து சொல்கிறோம் என்று பார்க்க வேண்டும். ஒரு ஏக்கர் பரப்பும் சராசரியாக இரண்டரை மீட்டர் ஆழமும் உள்ள குளத்தில் ஏறக்குறைய ஒரு கோடி லிட்டர், அதாவது 10,000 டன் நீர் நிற்கிறது. கரையை நீர் தள்ளும் விசை குளத்தின் பரப்பைப் பொறுத்ததன்று, ஆழத்தைப் பொறுத்தது. மூன்று மீட்டர் ஆழத்தில் கரையின் ஒவ்வொரு மீட்டர் நீளமும் நான்கரை டன் தள்ளுவிசையைத் தாங்குகிறது. ஆழம் இரு மடங்கானால் அந்த விசை நான்கு மடங்காகும்.

இவ்வளவு இருந்தும், ஒழுங்காகச் சரிவு விட்டுக் கட்டிய மண்கரை இந்தத் தள்ளுவிசையால் நகர்ந்து உடைவது அரிது. கரையின் எடை அதற்குப் போதும். உலகின் பெரிய மண் அணைகளின் உடைப்புகளை ஆராய்ந்தவர்கள் கண்ட முதன்மையான காரணங்கள் இரண்டு: கரைக்கு மேல் நீர் வழிந்தோடுவது, கரைக்குள்ளேயே மண் அரிக்கப்படுவது. இரண்டும் ஏறத்தாழ சரிபாதியாகப் பங்கிட்டுக்கொள்கின்றன.

வழிந்தோடுவதை முதலில் எடுத்துக்கொள்வோம். மண்கரை தன் மேல் நீர் ஓடுவதைத் தாங்காது. கரையின் வெளிச்சரிவில் வேகம் பெறும் நீர் முதலில் அடிப்பகுதியை அரித்து, பின்னர் மேல்நோக்கிப் படிப்படியாகத் தின்றுகொண்டே வந்து உச்சியை அடைகிறது. உச்சியில் ஒரு வெட்டு விழுந்ததும் அதன் வழியே பாயும் நீர் அந்த வெட்டைத் தானே அகலப்படுத்திக்கொள்கிறது. இதைத் தடுக்கவே ஏரிகளில் கரையைவிடத் தாழ்வாகக் கருங்கல்லில் கலங்கல், அதாவது உபரிநீர் வழிந்தோடும் வாய், கட்டினார்கள்.

கலங்கலின் அகலம் எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு கணக்கு காட்டும். ஐம்பது ஏக்கர் நிலத்தின் மழைநீர் மேற்சொன்ன ஒரு ஏக்கர் குளத்துக்கு வருவதாகக் கொள்வோம். மணிக்கு 6 செ.மீ. மழை நீடித்துப் பெய்து, அதில் ஐந்தில் நான்கு பங்கு ஓடி வந்தால், நொடிக்குச் சுமார் 2,700 லிட்டர் நீர் குளத்துக்குள் புகும். மூன்று மீட்டர் அகலமுள்ள கலங்கல் இவ்வளவையும் வெளியேற்றும்போது, அதன் மேல் நீர் ஏறத்தாழ 65 செ.மீ. உயரத்துக்கு நிற்கும். இப்போது மீன்கள் வெளியேறாமலிருக்க அங்கே ஒரு வலை கட்டப்பட்டிருக்கிறது, அதில் ஆகாயத்தாமரையும் சருகும் சேர்ந்து பாதி அகலத்தை அடைத்துவிட்டன என்றால், அதே நீரை வெளியேற்ற ஒரு மீட்டருக்கும் சற்றுக் கூடுதலான உயரம் தேவைப்படும். கலங்கலைவிடக் கரை ஒரு மீட்டர்தான் உயரம் என்றால், நீர் கரைக்கு மேல் ஏறிவிடும். கரையிலோ கலங்கலிலோ ஒரு கல்கூடப் பெயராமலே குளம் உடைப்பின் விளிம்புக்கு வந்துவிடுகிறது.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1889 மே 31 அன்று உடைந்த சவுத் ஃபோர்க் அணை செல்வந்தர்களின் மீன்பிடி, வேட்டைக் கழகம் ஒன்றுக்குச் சொந்தமானது. கால்வாய்ப் போக்குவரத்துக்காக அரசு கட்டிய அந்த அணையின் அடியில் ஐந்து இரும்புக் குழாய்கள் இருந்தன. நீர்மட்டத்தை வேண்டியபோது குறைக்க உதவிய அவற்றைக் கழகத்துக்கு முந்தைய உரிமையாளர் கழற்றி விற்றுவிட்டார். கழகம் மீண்டும் பொருத்தவில்லை. வண்டிகள் செல்வதற்காகக் கரையின் உச்சி தாழ்த்தப்பட்டது. மீன்கள் தப்பாமலிருக்க உபரிநீர் வழியில் கம்பித் தடுப்புகள் வைக்கப்பட்டன. பெருமழையில் அவற்றில் குப்பை அடைத்துக்கொள்ள, நீர் கரைக்கு மேல் ஏறியது. சுமார் 22 கி.மீ. கீழே இருந்த ஜான்ஸ்டவுன் நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் 2,209 பேர் இறந்தார்கள். அளவில் பெரிய அணைதான். ஆனாலும் அங்கே செய்யப்பட்ட மாற்றங்கள் ஒவ்வொன்றும் இன்றைய பண்ணைக் குளத்தின் உரிமையாளர் நல்லெண்ணத்துடன் செய்யக்கூடியவை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

பொழுதுபோக்குக் குளத்துக்கு இயல்பாகவே ஓர் ஆபத்து உண்டு. பாசன ஏரி கோடையில் வற்றும். அப்போது மதகின் அடியும் உட்சரிவும் கண்ணுக்குத் தெரியும், மராமத்து நடக்கும், அடுத்த மழைக்கு இடமும் இருக்கும். அழகுக்காக வைத்திருக்கும் குளமோ ஆண்டு முழுவதும் நிறைந்தே இருக்க வேண்டும் என்று விரும்பப்படுகிறது. நவம்பரில் ஒரு புயல் சின்னம் 20 செ.மீ. மழையைக் கொட்டினால், மேற்சொன்ன ஐம்பது ஏக்கரில் விழுவது நான்கு கோடி லிட்டர். அந்தக் குளத்தின் கொள்ளளவே ஒரு கோடிதான், அதுவும் முன்பே நிரம்பியிருக்கும்.

இரண்டாவது காரணமான உள்ளரிப்பு வெளியே தெரியாமல் நடப்பது. எந்த மண்கரையிலும் நீர் சிறிதளவு கசியும். கசிவு தெளிவாக இருக்கும்வரை பெரும்பாலும் அச்சமில்லை. கசிவுநீர் வெளியேறும் இடத்தில் மண்துகள்களையும் இழுத்துக்கொண்டு வந்தால் அங்கே ஒரு சிறு துளை உண்டாகிறது. கசிவு அந்தத் துளையை நோக்கிக் குவிவதால் அரிப்பு விரைவாகி, துளை குளத்தை நோக்கிப் பின்னோக்கி வளர்கிறது. அது குளத்து நீரைத் தொட்டுவிட்டால் சில மணி நேரத்தில் கரை போய்விடலாம். ஒரு தெளிவான கண்ணாடிப் பாட்டிலில் கசிவுநீரைப் பிடித்து அரைமணி நேரம் அசைக்காமல் வைத்துப் பார்த்தால் போதும்: அடியில் வண்டல் படிந்தால் கரை உள்ளிருந்து கரைகிறது என்று பொருள்.

இந்த அரிப்பு விரும்பித் தொடங்கும் இடம் கரைக்குள் புதைத்த குழாயின் வெளிப்புறம். வளைந்த குழாயின் அடிப்பகுதியில் மண்ணை நன்றாக இடித்துக் கெட்டிப்படுத்த முடியாததால் அங்கே ஒரு தளர்ந்த வழி உருவாகிவிடுகிறது. எலி வளையும் நண்டு வளையும் பட்டுப்போன மரத்தின் மக்கிய வேரும் அதே வேலையைச் செய்கின்றன. நிழலுக்காகக் கரையில் மரம் வளர்ப்பவர்கள் 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னை இழந்த மரங்களை நினைத்துப் பார்க்க வேண்டும். வேரோடு சாயும் மரம் கரையின் ஒரு பெரிய கட்டியைப் பெயர்த்துக்கொண்டு போகிறது, அதுவும் நீர் உச்சத்தில் நிற்கும் நேரத்தில். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கல்லூரி வளாகத்துக்கு மேலே, மின் உற்பத்தி நின்றபின் பொழுதுபோக்குக்காகவே வைத்திருந்த கெல்லி பார்ன்ஸ் அணை 1977 நவம்பர் 6 பின்னிரவில் உடைந்து 39 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 12 மீட்டர் உயரமுள்ள மண் அணை அது. செங்குத்தான சரிவில் மரங்கள் வளர்ந்திருந்தன.

இந்தியாவின் அணைப் பாதுகாப்புச் சட்டம், 2021, பதினைந்து மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்கும், பத்து முதல் பதினைந்து மீட்டருக்குள் சில நிபந்தனைகளுக்கு உட்படுபவற்றுக்கும் பொருந்தும். பத்து அடிக் கரை இதில் வராது. ஆயினும் உரிமையாளரின் பொறுப்பு நீங்கிவிடாது. கார்வேட்டிநகரம் ஜமீன்தாரின் ஏரிகள் உடைந்து மெட்ராஸ் ரயில்வேக்குச் சேதம் ஏற்பட்ட வழக்கில், அன்று இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1874-இல் ஜமீன்தாரைப் பொறுப்பாக்கவில்லை. அந்த ஏரிகள் பழங்காலம் முதல் மக்களின் பாசனத்துக்காகக் காக்கப்பட்டு வருபவை, அவற்றைக் காப்பது அவர் கடமை என்பதே அதன் அடிப்படை. தன் மகிழ்ச்சிக்காகப் புதிதாக நீரைத் தேக்குபவருக்கு அந்த வாதம் எளிதில் பொருந்தாது என்பது என் கருத்து.

கசிவுநீர் மண் கலந்து கலங்கி வருவதைக் கண்டால், களிமண்ணாலோ சிமெண்டாலோ துளையின் வாயை அடைக்கவே கை போகும். அது தவறு. அடைபட்ட நீர் அழுத்தம் கூடி வேறோர் இடத்தில் வெளிவரும். துளையின் மேல் முதலில் பருமணலையும், அதன் மேல் சிறு ஜல்லியையும், அதற்கும் மேல் பெரிய ஜல்லியையும் பரப்ப வேண்டும்; அந்த அடுக்கு மண்துகளைப் பிடித்துக்கொண்டு நீரை மட்டும் வெளியே விடும். கூடவே மதகைத் திறந்து மட்டத்தைக் குறைக்க வேண்டும். நெருக்கடி இல்லாத நாளில் ஒரு நாளைக்கு ஓர் அடி அளவில் குறைப்பது நல்லது. நீர் திடீரென இறங்கினால் நனைந்த உட்சரிவு தாங்கலின்றிச் சரியக்கூடும். கசிவு பெருகிக்கொண்டே போனால் அந்தச் சரிவைப் பற்றிக் கவலைப்படாமல் முழுவதும் திறந்துவிட்டு, கரைக்குக் கீழே இருக்கும் வீடுகளுக்கு முதலில் ஆள் அனுப்ப வேண்டும். அந்த வீட்டுக்காரர்களின் தொலைபேசி எண்கள் மழை தொடங்கும் முன்பே குளத்தின் உரிமையாளரிடமும் காவலாளியிடமும் இருக்க வேண்டும்.