பத்து ரூபாய் நோட்டில் இருக்கும் ஒரு எஸ்

போன மாதம் ஒரு தம்பி தன் பயோடேட்டாவைத் திருத்தித் தரச் சொல்லி அனுப்பியிருந்தான். மெக்கானிக்கல் படித்துவிட்டு மூன்று வருடம் வேலை பார்த்தவன், தொழிலில் கெட்டிக்காரன். முதல் வரியில் 'த்ரீ இயர் எக்ஸ்பீரியன்ஸ்', நாலாவது வரியில் 'ஹேண்டில்டு டூ மெஷின்', அதற்குக் கீழே 'ஒன் ஆஃப் த பெஸ்ட் எம்ப்ளாயி'. இயர், மெஷின், எம்ப்ளாயி, மூன்றுக்கும் கடைசியில் ஒரு எஸ் வேண்டும், இல்லை. சரி, எஸ் போடும் பழக்கமே இல்லை போலிருக்கிறது என்று பார்த்தால், அதே பக்கத்தில் 'எக்விப்மென்ட்ஸ்', 'இன்ஃபர்மேஷன்ஸ்' என்று வேண்டாத இரண்டு இடத்தில் எஸ் உட்கார்ந்திருந்தது.

நேரில் வந்தபோது சும்மா கேட்டேன், ஆக்ஸ் என்பதற்குப் பன்மை என்ன? யோசிக்கவே இல்லை, ஆக்ஸன் என்றான். கூஸ்? கீஸ். டூத்? டீத். எல்லாம் சரி. அவன் பார்க்கும் வேலையில் ஆக்ஸனும் கீஸும் ஓய்வு பெறும் வரைக்கும் ஒரு மெயிலில்கூட வரப்போவதில்லை. இயர்ஸ் தினமும் வரும்.

பதினைந்து வருடமாக வேலை தேடுகிறவர்களுக்கும் ஆபீஸ் போகிறவர்களுக்கும் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன், அவர்கள் எழுதியதைத் திருத்துகிறேன். பன்மை என்றதும் பள்ளிக்கூடம் நமக்குக் கொடுத்தது அந்த விதிவிலக்குப் பட்டியலைத்தான். ஆனால் என் சிவப்புப் பேனா அந்தப் பட்டியலில் உள்ள சொற்களைத் தொடுவது அபூர்வம். அது போய் நிற்பதெல்லாம் சாதாரணமான, யாரும் கஷ்டம் என்று நினைக்காத அந்த ஒற்றை எஸ்ஸில்.

ஏன் என்று தெரிய வேண்டுமானால் பர்ஸிலிருந்து ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுங்கள். ஆங்கிலத்தில் 'டென் ருப்பீஸ்' என்று எஸ்ஸோடு இருக்கும். திருப்பினால் 15 மொழிகள் வரிசையாக அச்சிட்ட கட்டத்தில் தமிழில் 'பத்து ரூபாய்' என்று இருக்கும். ரூபாய்கள் இல்லை. யாரும் அதைப் பிழை என்று சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் தமிழில் 'பத்து' என்று சொன்ன உடனேயே எண்ணிக்கை முடிந்துவிட்டது, அதைத் திரும்ப ஒரு தடவை சொல்லத் தேவையில்லை. ஹோட்டலில் போய் 'நாலு இட்லிகள் கொடுங்கள்' என்று கேட்டுப் பாருங்கள், சப்ளையர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். நன்னூல் இதற்குப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று பேரே வைத்திருக்கிறது: மாடு வந்தது, மாடு வந்தன, இரண்டும் சரி, ஒன்றா பலவா என்பதை வினைதான் சொல்லும். ஆங்கிலத்துக்கு அந்தச் சிக்கனம் கிடையாது. டென் என்று சொன்ன பிறகும் பெயர்ச்சொல் தன் பங்குக்கு எஸ் போட்டாக வேண்டும். ஆகவே உங்கள் எஸ் விழுந்துபோனால் அது மண்டையில் ஒன்றும் இல்லாததால் விழுந்தது இல்லை, உள்ளே தமிழ் ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இதிலிருந்தே ஒரு சுலபமான வேலை கிடைக்கிறது. எழுதி முடித்ததும் பக்கத்தில் உள்ள எண்களை மட்டும் தேடி வட்டம் போடுங்கள், பிறகு ஒவ்வொரு வட்டத்துக்கும் அடுத்த சொல்லைப் பாருங்கள். த்ரீ மந்த், ஃபோர் மெம்பர், டூ டே லீவ் என்று எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். மெனி, செவரல், ஃப்யூ இவையும் எண் மாதிரிதான், வட்டம் போடலாம். ஈச், எவ்ரி இரண்டுக்கும் நேர்மாறு, 'எவ்ரி ஸ்டூடன்ட்ஸ்' என்று எழுதக் கூடாது, எவ்ரி ஸ்டூடன்ட்தான்.

இதில் ஒரு குழப்பம் உண்டு, அதைச் சொல்லாமல் போனால் அடிக்க வருவீர்கள். எண்ணும் பெயரும் சேர்ந்து இன்னொரு பெயருக்கு அடைமொழியாக முன்னால் போய் நின்றால் எஸ் கழன்றுவிடும். பையனுக்கு ஐந்து வயது என்றால் 'ஃபைவ் இயர்ஸ் ஓல்டு'. ஐந்து வயதுப் பையன் என்றால் நடுவில் சிறு கோடுகள் போட்டு 'ஃபைவ்-இயர்-ஓல்டு பாய்'. அதே கணக்கில், நோட்டின் மேல் 'டென் ருப்பீஸ்' என்று இருந்தாலும் அந்த நோட்டின் பெயர் 'டென்-ருப்பீ நோட்'. நம்மில் பாதிப் பேர் டென் ருப்பீஸ் நோட் என்றுதான் சொல்கிறோம். பயோடேட்டாவில் மூன்று வருட அனுபவத்துக்கு 'த்ரீ இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்' என்று எழுதிவிட்டால் எஸ் பக்கத்தில் மேலே தொங்கும் அபாஸ்ட்ரஃபி குறியை எங்கே போடுவது என்ற தலைவலியும் இல்லை.

அடுத்தது 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்'. என் கணக்கில் இதுதான் முதல் பரிசு வாங்கும் பிழை, மேனேஜர் பதவியில் இருப்பவர்களும் செய்கிறார்கள். ஒன் என்று வாயில் வந்ததும் காது ஒருமைக்குத் தயாராகிவிடுகிறது, மனதுக்குள் 'என் ஃப்ரெண்ட் ஒருத்தன்' என்று ஓடுகிறது, அதை அப்படியே இறக்கி வைக்கிறோம். அதற்குப் பதிலாக 'என் நண்பர்களில் ஒருவர்' என்று நினைத்துப் பாருங்கள். நண்பர்கள், அதில் 'கள்' வந்துவிட்டதா? அந்த 'கள்'தான் ஃப்ரெண்ட்ஸில் உள்ள எஸ். ஒரு கூட்டம் இருந்தால்தானே அதிலிருந்து ஒருவரை எடுக்க முடியும். ஆனால் வேலையைச் செய்கிறவர் ஒருவர்தான் என்பதால் வினை ஒருமை: ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ், ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் வொர்க்ஸ்.

இப்போது வேண்டாத எஸ். இதற்கும் காரணம் தமிழ்தான், ஆனால் வேறு வழியாக வருகிறது. தகவல்கள், அறிவுரைகள், கருவிகள், ஆதாரங்கள், வேலைகள். தமிழில் இவற்றையெல்லாம் எண்ணலாம், கள் சேர்க்கலாம். ஆங்கிலம் இன்ஃபர்மேஷன், அட்வைஸ், எக்விப்மென்ட், எவிடென்ஸ் எல்லாவற்றையும் தண்ணீர், மாவு மாதிரிப் பார்க்கிறது: அளக்கலாம், எண்ணக் கூடாது. ஃபர்னிச்சர், லக்கேஜ், ஹோம்வொர்க், ஃபீட்பேக், சாஃப்ட்வேர் எல்லாம் இதே குடும்பம். நாலு நாற்காலி கண்ணெதிரே நின்றாலும் ஃபர்னிச்சர்ஸ் கிடையாது. இதற்குத் தர்க்கம் தேடாதீர்கள், சேர் எண்ணப்படும், ஃபர்னிச்சர் எண்ணப்படாது, அது அந்த மொழி போட்ட கோடு. எண்ணியே ஆக வேண்டும் என்றால் 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்', 'டூ பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர்' என்று சுற்றி வளைக்க வேண்டியதுதான்.

வொர்க் கொஞ்சம் வில்லங்கமானது. 'ஐ ஹேவ் டூ வொர்க்ஸ்' என்றால் தவறு, டாஸ்க்ஸ் என்று போடுங்கள். ஆனால் நம் ஊர்ப் பொதுப்பணித் துறையின் ஆங்கிலப் பெயரில் வொர்க்ஸ் இருக்கிறதே என்று கேட்பீர்கள், அது கட்டுமானங்களைக் குறிக்கும் வொர்க்ஸ், சரிதான். ஹேரும் அப்படி. தலை முழுக்க இருப்பது ஹேர், சாம்பாரில் கிடப்பது 'எ ஹேர்'. ஸ்டாஃப்ஸ் என்று எழுதாத ஆபீஸ் நம் ஊரில் இல்லை, உள்ளூர் சர்க்குலர் என்றால் நான் சண்டை போடுவதில்லை, வெளிநாட்டு கிளையண்டுக்குப் போகும் கடிதத்தில் மட்டும் ஸ்டாஃப் மெம்பர்ஸ் என்று மாற்றிவிடுவேன்.

ஸ்பெல்லிங் விதிகளை நீங்கள் படித்திருப்பீர்கள், வேகமாகக் கடந்துவிடுகிறேன். பஸ், பாக்ஸ் மாதிரி சீறும் ஒலியில் முடிந்தால் இ.எஸ். லேடியில் ஒய்க்கு முன்னால் மெய்யெழுத்து இருப்பதால் ஒய் போய் ஐ.இ.எஸ் வரும், பாயில் உயிரெழுத்து இருப்பதால் வெறும் எஸ். பொட்டேட்டோ, டொமேட்டோ, ஹீரோ இ.எஸ் வாங்கும், ஃபோட்டோ, வீடியோ, பியானோ வாங்காது. மேங்கோ எப்படி எழுதினாலும் சரி. நைஃப் எதற்கு நைவ்ஸ் ஆகிறது என்று மட்டும் ஒரு நிமிடம் நிற்கலாம், அழகான விஷயம். காகம் என்று சொல்லிப் பாருங்கள், முதலில் வரும் 'கா' அழுத்தமாகவும் நடுவில் வரும் 'க' மெலிந்தும் ஒலிக்கிறது இல்லையா? பழைய ஆங்கிலத்திலும் எஃப் அப்படித்தான், இரண்டு உயிருக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் மெலிந்து வி ஆகிவிடும். அந்த மெலிவு நைவ்ஸ், லீவ்ஸில் மிச்சம் நிற்கிறது. சீஃப் பிறகு பிரெஞ்சிலிருந்து வந்தது, அதனால் சீஃப்ஸ்.

ஒரு காலத்தில் ஆங்கிலத்தில் எஸ் மட்டுமே ராஜா இல்லை. பன்மைக்கு 'என்' சேர்ப்பதும் ஒரு வழி, ஆக்ஸன் அதன் எச்சம். இங்கிலாந்தில் முதன்முதலாக அச்சுக்கூடம் வைத்த வில்லியம் காக்ஸ்டன் 1490ல் ஒரு முன்னுரையில் இதை வைத்து ஒரு கதை சொல்கிறார்: தேம்ஸ் ஆற்றில் காற்றுக்குக் காத்திருந்த வியாபாரிகளில் ஒருவர் கரையேறி ஒரு வீட்டில் 'எக்ஸ்', அதாவது முட்டை கேட்கிறார், அந்த அம்மா எனக்கு பிரெஞ்சு தெரியாது என்கிறாள், அவருக்குக் கோபம், அவருக்கும்தான் பிரெஞ்சு தெரியாது. கடைசியில் இன்னொருவர் 'ஐரன்' வேண்டும் என்று சொன்னதும் புரிந்துவிட்டது, முட்டைக்கு அவள் ஊர்ப் பன்மை அது. சில்ட்ரனும் இதே வார்ப்புதான்: முதலில் ஒரு பழைய பன்மை விகுதி இருந்தது, அது பன்மை என்பதே மறந்துபோய் மேலே இன்னொரு 'என்' ஏற்றினார்கள். சிரிக்காதீர்கள், நாமும் 'ஃப்ரெண்ட்ஸ்கள்', 'டீச்சர்ஸ்கள்' என்று அதைத்தான் செய்கிறோம். அதற்கும் முன்பே செய்துவிட்டோம், 'அவர்' என்பதே பன்மை, அதன் மேல் கள் போட்டதுதான் அவர்கள்.

'ஒரு லேடீஸ் வந்தாங்க' என்பது இன்னொரு வகை. பன்மையாக வந்த சொல்லை எஸ்ஸோடு சேர்த்து ஒருமையாக விழுங்கிவிட்டோம். தமிழ் பேசும்போது அது தமிழ்ச் சொல்தான், விட்டுவிடலாம். ஆங்கிலத்தில் எழுதும்போது 'எ லேடீஸ்' ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலேயர்கள் நேர்மாறாகச் செய்தார்கள், பட்டாணிக்கு அவர்கள் வைத்திருந்த பழைய சொல் 'பீஸ்', அதன் கடைசி ஒலியைப் பன்மை என்று நினைத்துக் கழற்றிவிட்டு 'பீ' என்று ஒரு ஒருமையை உண்டாக்கிக்கொண்டார்கள்.

பேச்சில் எஸ் விழுவதற்கு நாக்கும் ஒரு காரணம். டெஸ்ட்ஸ், டெஸ்க்ஸ் மாதிரி மூன்று மெய் ஒட்டிக்கொண்டு முடிவது தமிழில் கிடையாது, நாம் டெஸ்ட்டு என்று ஒரு உகரம் போட்டு ஆற்றிக்கொள்கிறோம், அதோடு எஸ் போய்விடுகிறது. வாயில் வராதது விரலில் எப்படி வரும்? கேட்ஸில் வரும் எஸ் எஸ்ஸாகவே ஒலிக்கும், டாக்ஸில் இஸட் போல அதிரும், பஸ்ஸஸில் தனி அசையாக நீளும். 1958ல் ஜீன் பெர்கோ என்ற ஆய்வாளர் சின்னக் குழந்தைகளிடம் ஒரு கற்பனைப் பிராணியின் படத்தைக் காட்டி இது 'வக்' என்றார், இரண்டு இருந்தால் என்ன சொல்வாய் என்று கேட்டார். முன்பின் கேட்டிராத அந்தச் சொல்லுக்குப் பெரும்பாலான குழந்தைகள் சரியாக இஸட் ஒலியோடு பன்மை சொன்னார்கள். அவர்களுக்கு அது காது வழியாக வந்தது, நமக்குக் கரும்பலகை வழியாக. அதனால் என் வகுப்பில் முதல் வாரம் எழுத விடுவதில்லை, சத்தம் போட்டு எண்ணச் சொல்கிறேன்: ஒன் டெஸ்ட், டூ டெஸ்ட்ஸ். பக்கத்து வீட்டுக்காரர் பொறுத்துக்கொள்கிறார்.

அபாஸ்ட்ரஃபி போட்டுப் பன்மை செய்வதைப் பற்றி எனக்குப் பேச அருகதை இல்லை. நான் முதன்முதலில் வகுப்பு தொடங்கியபோது ஃப்ளெக்ஸ் கடையில் 'கிளாசஸ்' என்று எழுதிக் கொடுத்தேன், அவர்கள் 'கிளாஸ்' போட்டு, மேலே ஒரு புள்ளி வாலோடு தொங்கவிட்டு, பிறகு எஸ் போட்டார்கள். ஆங்கிலம் சொல்லித் தருகிற இடத்தின் போர்டு! நான் சரிபார்க்காமல் மாட்டிவிட்டேன். மூன்று வாரம் கழித்து ஒரு பத்தாம் வகுப்புப் பையன்தான், சார் இது 'வகுப்பினுடைய' என்று ஆகாதா என்று கேட்டான். ஆகும். அந்தக் குறி 'உடைய' என்பதற்கு. இட்லி, ஜூஸ், ஃபோட்டோ எதற்கும் பன்மையில் அது வேண்டாம்.

படித்தவர்கள் சறுக்கும் இடம் லத்தீன், கிரேக்கச் சொற்கள். 'ஐ ஆம் அன் அலும்னை' என்று ஒருவர் எழுதினால் அவர் தன்னைப் பலர் என்று சொல்கிறார். ஆண் என்றால் அலும்னஸ், பெண் என்றால் அலும்னா, இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் கிராஜுவேட். ஒன்று இருந்தால் கிரைட்டீரியன், கிரைட்டீரியா பன்மை. டேட்டாவும் பிறப்பில் பன்மைதான், ஆனால் இப்போது 'டேட்டா இஸ்' என்று எல்லோரும் எழுதுகிறார்கள், நான் திருத்துவதில்லை.

பயோடேட்டாவைத் திருத்தி அனுப்பினேன். மறுநாள் அந்தத் தம்பியிடமிருந்து மெயில்: 'தேங்க் ஃபார் யுவர் அட்வைஸ்'. அட்வைஸில் எஸ் இல்லை, பயத்தில் தேங்க்ஸில் இருந்ததையும் எடுத்துவிட்டான். நன்றி ஒன்றுதானே என்று நினைத்திருப்பான், தமிழில் நன்றிகள் என்பதே பிற்காலப் பழக்கம்தான். பதிலில் இரண்டு வரி எழுதினேன்: தனியாகச் சொல்லும் தேங்க்ஸ், வாழ்த்தும்போது காங்கிராஜுலேஷன்ஸ், கடிதத்தின் கடைசியில் வரும் ரிகார்ட்ஸ், இவற்றுக்கு எப்போதும் எஸ் உண்டு, எண்ணிப் பார்க்காமல் போட்டுவிடு.