பல் போன பிறகு படிக்கிற விதிகள்

ஞாயிறு மதியம், க்ளினிக் ஷட்டரை இறக்கப் போகும் நேரமாகப் பார்த்துத்தான் இந்த மாதிரி கேஸ் வரும். கோத்தகிரியிலிருந்து ஒரு அப்பா தன் பதினான்கு வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு குன்னூர் வந்திருந்தார். பையன் ஹாக்கி ஜெர்சியைச் சுருட்டி வாயில் அழுத்திக்கொண்டிருந்தான். அப்பா சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே முன்பல் ஒன்று, வேரோடு. நன்றாகக் காய்ந்து போயிருந்தது.

"எதிர் டீம் பையன் ஸ்டிக்கைத் தோளுக்கு மேல தூக்கிட்டான் டாக்டர். அம்பயர் விசிலே ஊதல. எங்கயாவது உண்டா இது?"

நான் பல் டாக்டர். கல்லூரியில் ரைட் ஹாஃப் ஆடியவன். ஆள் கிடைக்காத ஞாயிறுகளில் இப்போதும் என் கையில் விசிலைத் திணித்துவிடுவார்கள். அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் பிள்ளை ரத்தத்தோடு உட்கார்ந்திருக்கும்போது சொல்லக்கூடிய பதில் இல்லை. உண்டு சார், 2015 முதல் உண்டு.

அவர் எஸ்டேட் டீமில் ஆடிய காலத்தில் தோளுக்கு மேல் வரும் பந்தை மட்டையால் தொட்டாலே ஃபவுல். இப்போது மைதானத்தின் எந்த இடத்திலும், எந்த உயரத்தில் வரும் பந்தையும் மட்டையால் நிறுத்தலாம், திருப்பலாம். கட்டுப்பாட்டோடு ஆட வேண்டும், யாருக்கும் ஆபத்து வரக்கூடாது. அவ்வளவுதான் நிபந்தனை.

பல்லைத் திரும்பப் பொருத்தி, பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பி வைத்துக் கட்டி முடித்த பிறகு, என்ன நடந்தது என்று பையனிடமே கேட்டேன். பேச முடியாமல் கையால் காட்டினான். பின்னாலிருந்து இவன் டீம் ஆள் ஒருவன் பந்தை மட்டையால் அள்ளி உயரமாகத் தூக்கி, ஸ்கூப் போட்டிருக்கிறான். இறங்கும் பந்துக்கடியில் எதிர் டீம் பையன் தனியாக நின்றிருக்கிறான். பந்து அவன் மட்டைக்கு வரும் நேரத்தில் இவன் ஓடிப்போய் முகத்தை நீட்டியிருக்கிறான்.

ஃபவுல் செய்தது நம்ம பையன்தான்.

ஸ்டிக்கைத் தூக்க அனுமதி கொடுத்த விதியை எல்லோரும் கேள்விப்பட்டுவிட்டார்கள். அதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய இன்னொரு விதி நம் மைதானங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை. மேலிருந்து இறங்கும் பந்தை ஒருவர் வாங்க நிற்கிறார் என்றால், எதிரணி ஆள் ஐந்து மீட்டருக்குள் வரக்கூடாது. பந்து அவர் கட்டுப்பாட்டுக்குள் வந்து தரையில் இறங்கிய பிறகுதான் நெருங்கலாம். முதலில் வாங்க நின்றவர் யார் என்றே தெரியவில்லையா? பந்தைத் தூக்கிப் போட்ட அணிதான் ஒதுங்கி நிற்க வேண்டும். 2022-ல் இதைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். ஐந்து மீட்டருக்குள் வந்தாலும், பந்து வாங்குபவரின் மட்டை எட்டும் தூரத்துக்கு வெளியே நின்றபடி, ஆபத்தில்லாமல் இடைமறிக்க முடியுமானால் மறிக்கலாம். டி.வி.யில் இந்திய டீம் ஆட்கள் அப்படிப் பாய்ந்து பந்தைப் பறிப்பதைப் பார்த்துவிட்டு நம் பிள்ளைகளும் பாய்கிறார்கள். அந்தத் தளர்வு சமமான செயற்கைப்புல் டர்ஃபில் ஆடுகிறவர்களுக்குச் சரி. நம் செம்மண் கிரவுண்டில், பதினான்கு வயதில், நான் விசில் பிடித்தால் அதைச் சுலபத்தில் அனுமதிக்க மாட்டேன். மிஸ்ட் இறங்கிப் பந்து மேலே போனதும் மறைகிற நாட்களில் ஆட்டத்தையே நிறுத்திவிடுவேன். இரண்டு பக்கமும் திட்டு வாங்கியிருக்கிறேன்.

மாறிய விதிகள் இன்னும் நிறைய இருக்கின்றன. ஆஃப்சைடு 1990-களின் இறுதியிலேயே போய்விட்டது. ஃபவுலுக்குக் கிடைக்கும் ஃப்ரீ ஹிட்டை அடிப்பவரே தனக்குத் தட்டிக்கொண்டு ஓடலாம் என்பது 2009-ல் வந்தது. 35 நிமிடம் கொண்ட இரண்டு பாதிகள் போய், 15 நிமிடம் கொண்ட நான்கு பகுதிகள் ஆயின. இவை தெரியாவிட்டால் ஓரமாக நின்று சண்டை போடுவோம், அவ்வளவுதான். பல் போகாது.

பல் போகிற இன்னொரு இடம் பெனால்டி கார்னர், பழைய ஆட்கள் ஷார்ட் கார்னர் என்பார்களே, அது. தடுக்கும் அணியின் ஃபவுலுக்காக, கோலுக்கு முன்னால் எதிரணிக்குக் கிடைக்கும் ஷாட் வாய்ப்பு. பந்தின் எடை 156 முதல் 163 கிராம் வரை. கல் மாதிரி இருக்கும். முதல் ஷாட்டை ஓங்கி அடித்தால், கோல் கோட்டை அது கடக்கும்போது 460 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. கோலுக்குள் பலகை வைத்திருப்பார்களே, அந்த உயரம். ஆனால் ஓங்கி அடிக்காமல் மட்டையால் தள்ளித் தூக்கி, ஃப்ளிக் செய்தால் இந்த உயர வரம்பு கிடையாது, ஆபத்தாக மட்டும் இருக்கக்கூடாது. இங்கேதான் ரஷர், ஷாட் அடிப்பவரை நோக்கி ஓடிவரும் தடுப்பு ஆள், வருகிறான். ஐந்து மீட்டருக்குள் ஓடி வந்தவனுக்கு முழங்காலுக்குக் கீழே பட்டால் இன்னொரு கார்னர். அவன் சாதாரணமாக நிற்கிற நிலையில் முழங்காலிலோ அதற்கு மேலேயோ பட்டால், ஷாட்தான் ஆபத்தானது. தடுக்கும் அணிக்கு ஃப்ரீ ஹிட். "உள்ள ஓடி வந்தது அவன் தப்புதானே" என்று அதற்கும் இன்னொரு கார்னர் கேட்கிற பயிற்சியாளர்களைப் பார்த்திருக்கிறேன்.

முகக்கவசம் விஷயத்திலும் 2022-ல் வந்த மாற்றம் உதவியாக இருக்கிறது. கார்னரில் பந்தைப் பறித்தவர், கோல் பக்கத்துக் கோட்டிலிருந்து 23 மீட்டர் வரையுள்ள பகுதிக்குள் கவசத்தோடேயே பந்தை ஆடலாம்; அந்தப் பகுதியைத் தாண்டும் முன் கழற்றிவிட வேண்டும். ஆனால் கோலியைத் தவிர நாலு பேர் நிற்கிற இடத்துக்கு நம் டீம் பையில் இருப்பது ரெண்டு மாஸ்க். இதற்கு எந்த விதியும் ஒன்றும் செய்ய முடியாது.

பற்களின் மேல் மாட்டும் உறையான மவுத்கார்டு போடச் சொல்லி விதிப்புத்தகம் பரிந்துரைக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. நான் கட்டாயப்படுத்துவேன். மூச்சு முட்டுகிறது என்று பிள்ளைகள் முதல் வாரம் முணுமுணுப்பார்கள். வெந்நீரில் போட்டுக் கடித்து அச்செடுக்கும் வகையே போதும்.

அப்புறம் அந்தக் கைக்குட்டை. நிரந்தரப் பல் வேரோடு விழுந்தால், வெள்ளைப் பகுதியை மட்டும் பிடித்து எடுங்கள், வேரைத் தொடவோ தேய்க்கவோ வேண்டாம். மண் ஒட்டியிருந்தால் பாலில் லேசாக அலசி, அந்தக் குழியிலேயே திரும்பச் செருகிக் கடித்துக்கொள்ளச் சொல்லலாம். பயமாக இருந்தால் குளிர்ந்த பாலில் போட்டுக் கொண்டுவாருங்கள். கிரவுண்டுக்கு வெளியே டீக்கடை இல்லாத ஊர் நீலகிரியில் கிடையாது, காய்ச்சாத பால் பாக்கெட் ஒன்று கேட்டு வாங்க ஒரு நிமிடம் ஆகாது. பாலில் போடாமல் அரை மணி நேரம் தாண்டினாலே வேரின் மேலுள்ள உயிரணுக்கள் சாக ஆரம்பித்துவிடும். கோத்தகிரியிலிருந்து வளைவு வளைவாக வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. இந்தப் பையனின் பல் சில வருடம் நிற்கலாம், வேர் மெதுவாகக் கரையும். விழுந்தது பால் பல் என்றால் திரும்பச் செருகக் கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கம்பியைக் கழற்ற வந்த அன்று அப்பாவிடம் ஐந்து மீட்டர் விதியைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அடுத்த மேட்சில் கோட்டுக்கு வெளியே நின்று, பந்து எங்கே போனாலும் "அஞ்சு மீட்டர்! அஞ்சு மீட்டர்!" என்று கத்திக்கொண்டே இருந்தார். தரையில் உருளுகிற பந்துக்கு அது கிடையாது என்று இடைவேளையில் போய்ச் சொல்ல வேண்டியதாயிற்று.