பிசிறும் பேசும்: 'ட்ரேஸ் எவிடென்ஸ்' தமிழில் என்ன?

சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு விசைத்தறிக் கொட்டகைக்குள் அரை மணி நேரம் நின்றுவிட்டு வெளியே வாருங்கள். சட்டைத் தோளில், புருவத்தில், கைக்கடிகார வாரில் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருக்கும். பிசிறு. நீங்கள் தறிக்குப் போய்வந்ததை உங்களைக் கேட்காமலே அது சொல்லிவிடும். புலனாய்வில் 'ட்ரேஸ் எவிடென்ஸ்' என்பது இதுதான். பிரான்சின் லியோன் நகரில் 1910-இல் குற்ற ஆய்வகம் தொடங்கிய எட்மண்ட் லொக்கார்டின் கருத்தும் இதே: இரண்டு பொருள்கள் உரசினால் இதிலிருந்து அதிலும், அதிலிருந்து இதிலும் ஏதாவது ஒட்டிக்கொள்ளும்.

'ட்ரேஸ்' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். நடந்துபோன வழி, காலடித் தடம் என்பது பழைய பொருள். 'மிகச் சிறிய அளவு' என்பது பிறகு சேர்ந்தது. நம் 'தடயம்' முதல் பொருளைத் தாங்குகிறது, இரண்டாவதைத் தாங்கவில்லை. கத்தியும் தடயம், ரத்தக் கறையும் தடயம், துறையின் பெயரே தடய அறிவியல் துறை. அதனால் மயிர், இழை போன்றவற்றுக்கு 'நுண்தடயம்' என்று பிரித்துச் சொல்வதே சரி.

'ஃபைபர்' என்றதும் 'நார்' என்று எழுதிவிடுகிறார்கள். வாழைநார், தேங்காய் நார் சரி. பட்டு இழையை நார் என்று எந்த நெசவாளர் சொல்வார்? தறியில் நீளவாக்கில் கட்டிய பாவில் ஓடுவது இழை, துணியிலிருந்து உதிர்வது பிசிறு. ஆய்வறிக்கையில் 'இழை' என்றும், சம்பவ இடத்தில் கிடைத்ததை 'இழைப்பிசிறு' என்றும் எழுதலாம். தறிக்காரர்கள் பட்டு இழையை நெருப்பில் காட்டிப் பார்ப்பார்கள். மயிர் கருகும் வாடை வந்தால் அசல். பட்டும் மயிரும் புரதம் என்பதால் வரும் வாடை அது. பருத்தி காகிதம் போல எரியும், பாலியஸ்டர் உருகி மணியாகும். நுண்ணோக்கியில் பருத்தி முறுக்கிய நாடா போல இருக்கும்.

அப்புறம் மயிர். நம் பழைய சொல் அதுதான். 964-ஆம் குறளில் இருக்கிறது. 'முடி' என்பது முடிந்து வைப்பதிலிருந்து வந்தது, 'ரோமம்' வடமொழி. மயிர் வசைச்சொல் ஆகிவிட்டதால் கூச்சப்படுகிறோம். அறிவியல் எழுத்திலாவது அதை மீட்க வேண்டும் என்பது என் ஆசை.

மயிரின் வெளியே செதில், உள்ளே புறணி, நடுவே அகணி. மனித மயிரில் அகணியின் அகலம் மொத்த அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. விலங்குகளில் பெரும்பாலும் பாதியோ அதற்கு மேலோ. அதனால் நாயா மனிதரா என்று நுண்ணோக்கி சொல்லும். இன்னாருடையது என்று சொல்லப் பொதுவாக வேரில் திசு ஒட்டியிருந்து டிஎன்ஏ எடுக்க வேண்டும். இந்த எல்லையை மீறியதற்கு அமெரிக்கா கொடுத்த விலை பெரிது. 2015-இல் அந்நாட்டு மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ தன் பழைய வழக்குகளைப் புரட்டியபோது, மயிர் ஒப்பீடு குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்பட்ட 268 விசாரணைகளில் 257-இல் அதன் நிபுணர்கள் சொன்னதில் பிழை இருந்தது என்று தெரிந்தது. 'ஒத்திருக்கிறது' வேறு, 'அவருடையதேதான்' வேறு. தமிழில் அறிக்கை எழுதுபவர் இந்த இரண்டு சொற்களையும் கலக்கவே கூடாது.

இழைக்கும் அப்படித்தான். அம்மாப்பேட்டையில் ஒருவர் சட்டையில் வெள்ளைப் பருத்திப் பிசிறு கிடைத்தால் அதை வைத்து என்ன சொல்ல முடியும்? அந்தத் தெருவில் நடந்த எல்லோர் மேலும் அது இருக்கும்.