போனில் ஆஃப், பிளக்கில் ஆன்

போன ஆடி மாதம் ஒரு காலையில் மைனி போன் செய்தார். "தம்பி, போன்ல ஆஃப்னுதான் காட்டுது. மோட்டார் ஓடிக்கிட்டே கெடக்கு. டேங்க் நிறைஞ்சு முற்றமெல்லாம் தண்ணி." மெயினை அணைக்கச் சொல்லிவிட்டு மணவாளக்குறிச்சிக்குக் கிளம்பினேன். மோட்டாரைப் போனிலிருந்தே ஆன், ஆஃப் செய்ய அவர்கள் வைத்திருந்தது, அண்ணன் கல்ஃபிலிருந்து வரும்போது கொண்டுவந்த மலிவான ஸ்மார்ட் பிளக். கடையிலிருந்து ஒரு கன்வெர்ட்டர் வாங்கி, நம் ஊர் சாக்கெட்டில் மாட்டியிருந்தார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தேன். வெளியே 16 ஆம்பியர் என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. உள்ளே இருந்த ரிலேயின் முதுகில் 10 ஆம்பியர் என்றுதான் இருந்தது. அதன் கருப்பு மூடியைக் கத்தியால் கீறி எடுத்தபோது, மிளகைவிடச் சிறிய இரண்டு உலோகப் பொட்டுகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கிடந்தன.

ரிலே என்பது ஒரு குட்டி மின்காந்தம். சுருளில் மின்சாரம் போனால் ஒரு தகட்டை இழுக்கும், பொட்டுகள் தொடும், மோட்டார் ஓடும். போனில் ஆஃப் அழுத்தினால் சுருளின் மின்சாரம் நிற்கும், ஸ்பிரிங் தகட்டைப் பிரிக்கும். ஆனால் போன் காட்டுவது, கொடுத்த உத்தரவை மட்டும்தான். பொட்டுகள் உண்மையில் பிரிந்தனவா என்று மலிவான பிளக்குகள் பெரும்பாலும் பார்ப்பதில்லை.

ஏன் ஒட்டின? 1 எச்பி மோட்டார் ஓடும்போது 6 ஆம்பியர் போல எடுக்கும். கிளம்புகிற நொடியில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். பொட்டுகள் தொடும்போது மிக மெல்லியதாகத் துள்ளும். அந்தத் துள்ளலில் பொறி பறக்கும், உலோகம் உருகும். ரிலேயில் எழுதியிருக்கும் 10 ஆம்பியர், ஹீட்டர் போல அமைதியாக எடுக்கும் கருவிக்கான கணக்கு. மோட்டாருக்கு அது பொருந்தாது.

சரி, கீசரை மாட்டினால் பிரச்சினை இல்லையா? அங்கே ஆபத்து வேறு விதமாக வருகிறது, என்னை அதிகம் பயமுறுத்துவதும் அதுதான். 3000 வாட் கீசர் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் எடுக்கும். பிளக்கின் கம்பி சாக்கெட்டில் இறுக்கமாக இல்லாமல், அந்த இடத்தில் மின்தடை 0.1 ஓம் ஆகிவிட்டது என்று வையுங்கள். வெப்பம் என்பது மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்குவது: 13 × 13 × 0.1, ஏறக்குறைய 17 வாட். செல்போன் பழுதுபார்க்கிறவர் வைத்திருக்கும் சிறிய சால்டரிங் அயர்ன் 25 வாட். கிட்டத்தட்ட அந்தச் சூடு, காற்றே போகாத ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் அரைமணி நேரம் அடைபட்டுக் கிடக்கிறது. சூடு ஏற ஏறப் பித்தளை தளரும், தளரத் தளர இன்னும் சூடு. அளவுக்கு மீறி மின்சாரம் போனால் துண்டிக்கும் எம்சிபி இதைக் காணவே காணாது. அதன் வழியே போவது அதே 13 ஆம்பியர்தான், கணக்குக்கு உட்பட்ட மின்சாரம். பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வரும்வரை வீட்டில் யாருக்கும் தெரியாது.

நம் குமரி மாவட்டத்துக்கு என்று தனியாக ஒன்று உண்டு: உப்புக் காற்று. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜன்னல் கம்பி என்ன வேகத்தில் துருப்பிடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த உப்பு பிளக்கின் இடுக்கு வழியாக உள்ளேயும் போய்ப் படிகிறது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும்; மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடி கசிவது அதனால்தான். அதே கசிவு சர்க்யூட் போர்டில் நடந்தால், 230 வோல்ட் ஓடும் செம்புக் கோட்டுக்கும் பக்கத்துக் கோட்டுக்கும் நடுவே உப்புத்தண்ணீர்ப் படலம் விரிகிறது. மின்சாரம் மெல்லக் கசிந்து, போர்டைக் கரியாக்கி, அந்தக் கரியையே வழியாக்கிக்கொள்ளும். நல்ல தயாரிப்பில் கோடுகளுக்கு இடையே தாராளமாக இடம் விட்டிருப்பார்கள், சில இடங்களில் போர்டையே கீறி வெட்டியிருப்பார்கள். மைனி வீட்டுப் பிளக்கில் அந்த இடைவெளியைக் கண்ணால் பார்க்கவே சிரமமாக இருந்தது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நனைக்கிற ஊர் நம்முடையது. அந்தப் போர்டு இங்கே எத்தனை காலம் தாங்கும்?

அப்புறம் அந்தக் கன்வெர்ட்டர். வளைகுடா நாடுகள் பலவற்றில் தட்டையான மூன்று கம்பிப் பிளக். அதை நம் சாக்கெட்டில் மாட்ட வாங்கும் கன்வெர்ட்டர்கள் பலவற்றில் இரண்டே கம்பிதான். எர்த் அங்கேயே அறுந்துபோகிறது. திருப்பிப் போட்டால் பேஸும் நியூட்ரலும் இடம் மாறும். ஸ்மார்ட் பிளக்கின் ரிலே பெரும்பாலும் ஒரு கம்பியைத்தான் வெட்டும். அது நியூட்ரலாக இருந்துவிட்டால், மோட்டார் நின்றிருக்கும், பேஸ் அதற்குள்ளேயே நிற்கும். ஆஃப் என்று நம்பி வயரைத் தொடுகிறவர் கதி என்ன?

வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரையைப் பாருங்கள். அதன் கீழே உள்ள சிஎம்/எல் என்ற உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் தட்டினால் உரிமம் உண்மையா என்று தெரிந்துவிடும். சிஇ என்ற ஐரோப்பியக் குறி மட்டும் இருந்தால், அது பெரும்பாலும் தயாரிப்பாளர் தாமே சொல்லிக்கொள்வது. மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வீட்டில் இல்லையென்றால் முதலில் அதைப் போடுங்கள். கீசர் ஓடி அரைமணி ஆனபின் சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டுப் பிளக்கின் மேல் கைவைத்துப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால் அதை இனி மாட்ட வேண்டாம்.

மைனி வீட்டில் இப்போது மோட்டாருக்கு ஒரு கான்டாக்டர் வைத்திருக்கிறோம். கனமான பொட்டுகள் கொண்ட பெரிய ரிலே அது. மோட்டாரின் பாரத்தை அது தாங்குகிறது, ஐஎஸ்ஐ முத்திரையுள்ள புது ஸ்மார்ட் ஸ்விட்ச் அதன் சுருளை மட்டும் இயக்குகிறது. ஆஃப் செய்ததும் "டக்" என்று ஒரு சத்தம். மைனி அந்தச் சத்தத்தைக் கேட்டபிறகுதான் போனைக் கீழே வைக்கிறார்.