அழுத்தி மூடினாலும் நிற்காத சொட்டு

இரவு ஒரு மணிக்கு மேல் சிங்கப்பூரின் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் கேட்கிற சத்தங்கள் கொஞ்சம்தான். மேல்வீட்டில் நாற்காலி இழுபடும், எதிர்ப் புளோக்கில் யாராவது இருமுவார்கள், ஏர்கான் முனகும். போன மாதம் எங்கள் வீட்டில் இவற்றோடு ஒரு 'டிளிங்' சேர்ந்துகொண்டது. குளியலறை ஷவரிலிருந்து நொடிக்கு ஒன்று என்று சொட்டு விழுந்து, அடியில் இருந்த வாளியில் தாளம் போட்டது. அம்மா எழுந்து போய், சுடுநீரையும் குளிர்நீரையும் கலந்து தருகிற குழாயான மிக்ஸரின் கைப்பிடியைப் பலமாக அழுத்தி மூடிவிட்டு வந்தார். நிற்கவில்லை. நான் போய் அதைவிடப் பலமாக அழுத்தினேன். அதற்கும் நிற்கவில்லை, கைப்பிடி மட்டும் லேசாக ஆட ஆரம்பித்தது.

அந்த நேரத்தில் தூங்குவதற்கு ஒரே வழி, வாளித் தண்ணீரில் இரண்டு துளி பாத்திரம் கழுவும் திரவத்தை விடுவதுதான். சத்தம் அடங்கிவிடும். இது கைவைத்தியம் மாதிரி தெரிந்தாலும் பின்னால் நல்ல இயற்பியல் இருக்கிறது. சொட்டு வந்து தண்ணீரில் மோதுகிற சத்தம் என்று நாம் நினைப்பது உண்மையில் மோதுகிற சத்தமே இல்லை. சொட்டு விழுந்ததும் நீர்ப்பரப்பில் ஒரு சின்னக் குழி விழுகிறது, அது மூடிக்கொள்ளும்போது அடியில் ஒரு காற்றுக் குமிழி சிக்குகிறது, அந்தக் குமிழி துடிக்கிற துடிப்பு மேலே உள்ள நீர்ப்பரப்பையும் சேர்த்து ஆட்டுகிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அனுராக் அகர்வாலும் அவருடன் இருந்தவர்களும் 2018-ல் அதிவேகக் கேமரா வைத்து இதைக் காட்டினார்கள். சோப்பு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடுவதால் குமிழி சிக்குவதில்லை. ஒழுகுகிற கூரை உள்ள நண்பர் வீட்டில் தூக்கம் வராமல் கிடந்தபோதுதான் அகர்வாலுக்கே இந்தக் கேள்வி வந்ததாம்.

சரி, சத்தம் போயிற்று, ஒழுகல் போகவில்லை. அழுத்தினால் ஏன் நிற்கவில்லை?

அம்மாவின் கை பழகியது பழைய திருகுக் குழாயில். அதற்குள் ஒரு பித்தளை வாயும், அதன் மேல் வந்து உட்கார ஒரு ரப்பர் வாஷரும்தான் இருக்கும். இங்கிலாந்தில் ராதர்ஹாம் ஊரில் 1845 வாக்கில் வந்த வடிவம் அது, இன்றும் பல வீடுகளில் துணி துவைக்கிற இடத்தில் இருக்கிறது. திருகத் திருக ரப்பர் நசுங்கி வாயை அடைக்கும். வாஷர் தேய்ந்துபோனாலும் இன்னும் கொஞ்சம் திருகினால் இன்னும் கொஞ்சம் நசுங்கும், அதனால் சில மாதம் ஓட்டலாம். அந்தக் குழாயைப் பொறுத்தவரை பலம்தான் பூட்டு.

ஒற்றைக் கைப்பிடி மிக்ஸர் வேறு சாதி. சுடுநீரையும் குளிர்நீரையும் ஒரே கைப்பிடியில் அடக்குகிற எண்ணம் அமெரிக்காவில் ஆல் மோன் என்ற மாணவருக்கு 1937-ல் வந்தது, இரண்டு பிடி உள்ள குழாயைத் திறந்து கையைச் சுட்டுக்கொண்டதிலிருந்து. அவர் செய்தது உருளை வடிவம். இன்று நம் குளியலறையில் இருப்பது பெரும்பாலும் பீங்கான் தட்டு வகை. அதைப் புரிந்துகொள்ளப் பாட்டி வீட்டுத் திரிகையை நினைத்துக்கொண்டால் போதும். கீழ்க்கல் அசையாது, மேல்கல் சுற்றும். மிக்ஸருக்குள்ளும் அப்படியே இரண்டு வட்டத் தட்டுகள். கீழ்த்தட்டில் மூன்று ஓட்டைகள்: ஒன்றில் சுடுநீர் வரும், ஒன்றில் குளிர்நீர் வரும், மூன்றாவது வழியாகக் கலந்த நீர் வெளியே போகும். மேல்தட்டின் அடிப்பக்கத்தில் ஒரு பள்ளம் குடைந்திருக்கும். கைப்பிடியைத் தூக்கினால் மேல்தட்டு சறுக்கி, அந்தப் பள்ளம் நீர் வரும் ஓட்டைகளையும் நீர் போகும் ஓட்டையையும் இணைக்கிறது. இடது வலதாகத் திருப்பினால் எந்த ஓட்டை அதிகம் திறக்கிறது என்பது மாறுகிறது. அமுக்கினால் பள்ளம் விலகி, வழுவழுப்பான பகுதி வந்து ஓட்டைகளை மூடுகிறது.

திரிகைக் கல் சொரசொரப்பாக இருந்தால்தான் அரைக்கும், இந்தத் தட்டுகளோ கண்ணாடி மாதிரி மட்டமாக இருந்தால்தான் அடைக்கும். ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துவிட்டுப் பிரிக்கப் பார்த்தால் எப்படி ஒட்டிக்கொள்கின்றன, அதே கதைதான். இரண்டு பரப்பும் அவ்வளவு மட்டம் என்பதால் இடையில் தண்ணீர் நுழைய வழியில்லை. இந்த அமைப்பில் பூட்டாக இருப்பது மட்டம், பலத்துக்கு வேலையே கிடையாது. கைப்பிடியை எவ்வளவு அழுத்தினாலும் அந்த விசை தட்டுகளை நெருக்காது, உள்ளே இருக்கிற ஒரு தடுப்பில் போய் முட்டும், அவ்வளவுதான். நான் அழுத்தியதில் கைப்பிடியைப் பிடித்திருந்த குட்டித் திருகாணி தளர்ந்ததுதான் மிச்சம்.

அப்படியானால் தட்டுகளை நெருக்கிப் பிடிப்பது எது? கீழ்த்தட்டுக்கு அடியில் உள்ள ரப்பர் வளையங்கள். பலரும் கவனிக்காத இடம் இதுதான். அந்த வளையங்களுக்கு இரண்டு வேலை. கார்ட்ரிட்ஜுக்கும் (தட்டுகள் அடங்கிய சின்னக் கூடு) மிக்ஸர் உடம்புக்கும் நடுவே கசியாமல் அடைப்பது ஒன்று, ஸ்பிரிங் மாதிரி கீழ்த்தட்டை மேலே தள்ளி மேல்தட்டோடு சேர்த்து வைப்பது இன்னொன்று. தண்ணீர் கொடுக்கிற அழுத்தமும் சின்னதில்லை. நாங்கள் இருப்பது 11-வது மாடி, கூரைத் தொட்டி எங்களுக்கு மேல் ஏறத்தாழ 25 மீட்டரில் இருக்கிறது. பத்து மீட்டர் நீர்த்தூணுக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்று கணக்கு. அப்படியென்றால் விரல்நுனி அளவு ஓட்டையில் இரண்டரைக் கிலோ எடை இரவும் பகலும் முட்டிக்கொண்டிருக்கிறது. சூட்டில் வருடக்கணக்கில் கிடந்து ரப்பர் விறைத்துப்போனால் அந்த முட்டலுக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை.

மணல்தான் தட்டைக் கீறிவிடுகிறது என்று சொல்வார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் தட்டு அலுமினிய ஆக்சைடு, மோஸ் கடினத்தன்மை அளவில் 9. சாதாரண மணல் 7. ஏழு போய் ஒன்பதைக் கீற முடியாது. மணல் செய்வது வேறு: இடையில் மாட்டி இரண்டு தட்டையும் ஒரு மயிரிழை தூக்கிப் பிடிக்கும், இல்லையென்றால் ரப்பரில் பதிந்து அதை வெட்டும். சென்னையில் அத்தை வீட்டில் போர் தண்ணீர், அங்கே உப்பும் சுண்ணாம்பும் படிந்து குழாயே வெள்ளை பூத்துக் கிடக்கும். சிங்கப்பூர்த் தண்ணீரில் அந்தத் தொல்லை குறைவு. இங்கே கூரைத் தொட்டியைக் கழுவிய பிறகோ குழாய் வேலை நடந்த பிறகோ வருகிற துகளைத்தான் நான் சந்தேகிப்பேன்.

காசுக் கணக்கும் பார்த்தேன். இரவு பத்து முதல் காலை ஆறு வரை வாளியில் 4 லிட்டர் சேர்ந்தது, ஒரு நாளைக்கு 12 லிட்டர். 2025 ஏப்ரலிலிருந்து தண்ணீர் கன மீட்டருக்கு 3.24 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஜிஎஸ்டி தனி. வருடம் முழுக்க ஒழுகவிட்டாலும் 14 வெள்ளிதான். பயமுறுத்துகிற தொகை இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் இங்கே ஒருவர் வீட்டில் செலவழிக்கிற தண்ணீர் 2023-ல் நாளுக்கு 141 லிட்டர், அதை 2030-க்குள் 130 ஆக்க வேண்டும் என்பது தண்ணீரைக் கவனிக்கிற அரசு அமைப்பான பியூபியின் இலக்கு. ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு மிச்சம் பிடிக்க வேண்டிய 11 லிட்டரை இந்த ஒரு சொட்டு தின்றுவிட்டு மேலும் ஒரு லிட்டர் கேட்கிறது. ஒழுகுவது சுடுநீர்ப் பக்கம் என்றால், ஹீட்டரை எந்நேரமும் போட்டு வைக்கிற வீட்டில் நாளுக்கு அரை யூனிட்டுக்குப் பக்கத்தில் மின்சாரமும் சேர்ந்து ஒழுகும்.

மாற்றுகிற வேலைக்கு வருவோம். நான் சொல்வது சுவரில் வெளியே தெரிகிற மிக்ஸரில் உள்ளிருக்கும் கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றுவது. சுவருக்குள் போகிற குழாயையோ தொட்டி ஹீட்டரையோ தொடுவதாக இருந்தால் உரிமம் பெற்ற பிளம்பரைக் கூப்பிட்டுவிடுங்கள்.

முதலில் ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிட்டு, வாசலுக்கு வெளியே மீட்டர் இருக்கிற அலமாரியில் தண்ணீரை மூட வேண்டும். அங்கே பக்கத்து வீட்டு மீட்டரும் சேர்ந்தே இருக்கும், எண்ணைப் பார்த்து மூடுங்கள். நான் பார்க்கவில்லை. இரண்டு நிமிடத்தில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி தலை நிறைய ஷாம்பு நுரையோடு கதவிடுக்கில் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, தண்ணி வரலியே?" என்றார். மூடியபின் மிக்ஸரைத் திறந்து உள்ளே மிச்சமிருக்கிற அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும், பிறகு தரையில் உள்ள வடிகால் ஓட்டையைத் துணியால் மூட வேண்டும். திருகாணி விழுந்தால் நேராக அங்கேதான் போகும்.

கைப்பிடியில் சிவப்பும் நீலமுமாக ஒரு பொட்டு இருக்கிறதே, அதை நகத்தால் நெம்பினால் அடியில் குட்டித் திருகாணி. ஆலன் கீ (அறுகோணச் சாவி) போட்டுக் கழற்றினால் கைப்பிடி வந்துவிடும், அப்புறம் ஒரு வெள்ளி நிற மூடி, அதற்கடியில் பித்தளை நட்டு. ஸ்பேனர் போடும் முன் துணி சுற்றாவிட்டால் பூச்சு உரிந்துவிடும். நட்டு வந்ததும் கார்ட்ரிட்ஜை நேராக மேலே இழுத்தால் 'பொளக்' என்று கையோடு வரும்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தட்டுகள் இரண்டும் புதுசு மாதிரி மினுமினுத்தன, ஒரு கீறல் இல்லை. அடியில் சுடுநீர்ப் பக்க வளையத்தில் கடுகில் பாதிகூட இல்லாத ஒரு கல் பதிந்து, அதைச் சுற்றி ரப்பர் பிளந்திருந்தது. மற்ற இரண்டு வளையங்களை நகத்தால் அழுத்தினால் குழிந்தது, இதை அழுத்தினால் குழியவே இல்லை.

வாங்கப் போகும்போது பழையதைக் கையில் கொண்டு போங்கள். நான் கண்ணளவில் 40 மில்லிமீட்டர் என்று நினைத்துக்கொண்டு வெறுங்கையோடு ஜாலான் புசார் போனேன். கடைக்கார அங்கிள் என் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் 40-ஐ எடுத்து வைத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளேயே போகவில்லை, எங்களுடையது 35. மறுநாள் பழையதோடு போனபோது பார்த்தவுடனே சரியானதை எடுத்துக்கொடுத்து, பழையதன் அடியில் இருந்த இரண்டு குமிழ்களைக் காட்டினார். அந்தக் குமிழ்கள் இருக்கிற இடமும் உயரமும் பொருந்தாவிட்டால் விட்டம் சரியாக இருந்தும் பயனில்லை.

மாட்டும்போது குமிழ்களை மிக்ஸரின் அடியில் உள்ள குழிகளில் உட்காரவைக்க வேண்டும், அதற்கு முன் அந்தத் தரையை விரலால் துடைத்துத் துகள் இல்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ரப்பருக்குச் சிலிகான் கிரீஸ் மட்டும்தான். வாசலின் தடவலாமே என்று தோன்றும், வேண்டாம், குழாய்களில் அதிகம் பயன்படுகிற ஈபிடிஎம் ரப்பர் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். நட்டைக் கையால் முடிகிற மட்டும் திருகி, ஸ்பேனரால் இன்னும் கொஞ்சம், அதோடு விட்டுவிட வேண்டும். இங்கேயும் பழைய பழக்கம் கையை இழுக்கும். அதிகம் இறுக்கினால் தட்டுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கைப்பிடி கல் மாதிரி ஆகிவிடும், குளிர்நீர் கேட்டால் வெந்நீர் வரைக்கும் எகிறும்.

தண்ணீரைத் திறந்து ஓடவிட்டு மூடினேன். அம்மா வாளிக்குப் பக்கத்தில் நின்று, "இன்னும் சொட்டுதேப்பா" என்றார். சொட்டத்தான் செய்தது. ஆனால் மூடியவுடன் சொட்டுவது ஒழுகல் இல்லை. ஷவர் தலைக்குள்ளும் குழாயிலும் நின்ற தண்ணீரை அந்தச் சின்னத் துளைகளில் பரப்பு இழுவிசை பிடித்து வைத்திருக்கும். ஏதோ ஒரு துளை வழியாகக் காற்று உள்ளே நுழைந்தால் மிச்சமெல்லாம் மற்ற துளைகளால் இறங்கும். தலை பெரிசாக இருந்தால் நிமிடக் கணக்கில்கூட ஆகும். கைப்பிடியை நோக்கி நீண்ட அம்மாவின் கையைத் தடுத்து, ஐந்து நிமிடம் பார்க்கலாம் என்றேன். மூன்றாவது நிமிடத்தில் ஒரு சொட்டு, நான்காவது நிமிடம் முடியும்போது ஒன்று, அப்புறம் வரவில்லை.