ஸ்கிரிப்ட் உடைகிறதா? முதலில் சூழல் மாறிகளைப் பாருங்கள்

"என் மெஷின்ல சரியா ஓடுது, சர்வர்லதான் ஏதோ கோளாறு." சர்வர் பராமரிக்கிறவர்களுக்கு இந்தப் புகார் பழகிப்போன ஒன்று. புரோகிராமின் கோடு வரிகளை அலசுவதற்கு முன்னால் நான் இரண்டு இடத்திலும், சூழல் மாறிகளை (புரோகிராம் தொடங்கும்போது கூடவே வாங்கிக்கொள்ளும் பெயர்-மதிப்பு ஜோடிகளை) பட்டியலிடும் என்வ் கமாண்டை ஓட்டி ஒப்பிட்டுப் பார்ப்பேன். பல நேரம் காரணம் அதிலேயே அகப்பட்டுவிடும்.

கமாண்டோடு டைப் செய்யும் ஆப்ஷன்களைச் சூழல் மாறி வழியாகவும் கொடுக்கலாம் என்று பல புரோகிராம்கள் இடம் தருகின்றன. கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டாருக்கு டார்_ஆப்ஷன்ஸ், ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடுக்கு நோட்_ஆப்ஷன்ஸ், ஜாவாவுக்கு ஜாவா_டூல்_ஆப்ஷன்ஸ், உரையைப் பக்கம் பக்கமாகக் காட்டும் லெஸ்ஸுக்கு அதன் பெயரிலேயே ஒரு மாறி. ஷெல் (நாம் டைப் செய்யும் கமாண்டுகளை ஓட்டும் புரோகிராம்) தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பில் ஒரு எக்ஸ்போர்ட் வரி போட்டால் போதும், அப்புறம் அதை மறந்துவிடலாம். மறந்துவிடுவதுதான் சிக்கல்.

உரையில் சொல் தேடும் குனூ கிரெப்பில் முன்பு கிரெப்_ஆப்ஷன்ஸ் என்று ஒரு மாறி இருந்தது. தேடிய சொல் வண்ணத்தில் தெரியட்டும் என்று அதில் --கலர்=ஆல்வேஸ் எழுதி வைத்தவர்கள் உண்டு. திரையில் அழகுதான். ஆனால் வண்ணம் என்பது எழுத்துகளுக்கு நடுவே செருகப்படும் எஸ்கேப் குறியீடு. கிரெப் எடுத்துக் கொடுத்த கோப்புப் பெயரை ஒரு ஸ்கிரிப்ட் திறக்கப் போனால், பெயரோடு அந்தக் குறியீடும் ஒட்டிக்கொண்டு போகும்; அப்படி ஒரு கோப்பே இல்லை என்று பிழை வரும். ஆனால் கண்ணுக்குப் பெயர் சரியாகத்தான் தெரியும், மிஞ்சிப்போனால் கொஞ்சம் சிவப்பாக! ஆல்வேஸுக்குப் பதில் ஆட்டோ என்று போட்டிருந்தால், வெளியீடு டெர்மினலுக்குத்தான் போகிறதா என்று பார்த்துவிட்டே கிரெப் வண்ணம் சேர்த்திருக்கும். 2014-இல் வந்த 2.21 பதிப்பு இந்த மாறியைக் கண்டாலே எச்சரிக்கத் தொடங்கியது. 2020-இல் வந்த 3.6 அதைக் கண்டுகொள்வதையே நிறுத்திவிட்டது. சரியான முடிவு என்பேன்.

எக்ஸ்போர்ட் செய்த மாறி உங்கள் ஷெல்லோடு நிற்பதில்லை. ஷெல் கிளப்பும் புரோசஸுக்கும் (ஓடும் புரோகிராமுக்கும்), அது கிளப்பும் அடுத்த புரோசஸுக்கும் பரம்பரைச் சொத்து மாதிரி இறங்கிக்கொண்டே போகும். நோட்_ஆப்ஷன்ஸில் டீபக் (பிழை தேடும்) வசதியைத் திறக்கும் --இன்ஸ்பெக்ட் போட்டுவிட்டு, நோட் திட்டத்தின் ஸ்கிரிப்டை ஓட்டும் என்பிஎம் ரன் கொடுத்துப் பாருங்கள். என்பிஎம்மும் ஒரு நோட் புரோகிராம்தானே, டீபக்குக்கான 9229 போர்ட்டை அதுவே முதலில் பிடித்துக்கொள்ளும். நீங்கள் டீபக் செய்ய நினைத்த புரோகிராம், போர்ட் காலியாக இல்லை என்று புலம்பும்.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரான் உங்கள் பாஷ்ஆர்சியைப் படிக்காது, பின்னணியில் ஓடும் சிஸ்டம்டி சர்வீஸும் படிக்காது. நிர்வாகி அதிகாரத்தோடு கமாண்டை ஓட்டும் சூடோ பெரும்பாலும் மாறிகளைத் துடைத்துவிட்டுத்தான் அதை ஓட்டும். நோடுக்கான மெமரி வரம்பை மாறியில் மட்டும் உயர்த்தி வைத்திருந்தால், பகலில் கையால் ஓட்டும்போது முடிகிற வேலை ராத்திரி க்ரானில் மெமரி போதாமல் சாகும்.

கோடின் மாற்ற வரலாற்றைக் காட்டும் கிட் லாகில் வண்ணத்துக்குப் பதில் குப்பையாக ஏதோ வருகிறது என்பார்கள். கிட் தன் வெளியீட்டை வழக்கமாக லெஸ் வழியாகக் காட்டும்; லெஸ் மாறி வைக்கப்படாமலே இருந்தால்தான் கிட் தனக்கு வேண்டிய எஃப்ஆர்எக்ஸ் ஆப்ஷன்களை அதில் வைக்கும். நீங்களே ஏதாவது வைத்திருந்தால் தொடாது. அதில், வண்ணக் குறியீட்டை வண்ணமாகவே காட்டச் சொல்லும் ஆர் இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் வசதிக்கான ஆப்ஷன் என்றால் ஏலியாஸ் (கமாண்டுக்கு ஒரு சுருக்கப் பெயர்) போடுங்கள். அது நீங்கள் உட்கார்ந்திருக்கும் ஷெல்லைத் தாண்டாது. ஒரே ஒரு தடவைக்கு என்றால் மாறியைக் கமாண்டுக்கு முன்னால் அதே வரியில் எழுதுங்கள், எக்ஸ்போர்ட் வேண்டாம். ஸ்கிரிப்டில் தேவையான ஆப்ஷனைக் கமாண்டிலேயே முழுப்பெயரோடு எழுதிவிடுவது நல்லது. ஆறு மாதம் கழித்துப் படிப்பவர் நீங்களாகவே இருக்கலாம். ஸ்கிரிப்ட் யார் கையில் ஓடும் என்று தெரியாவிட்டால் தொடக்கத்திலேயே அந்த மாறிகளை அன்செட் கொடுத்து நீக்கிவிடுங்கள். என்வ் -ஐ கொடுத்து வெறும் சூழலில் ஒரு முறை ஓட்டிப் பார்த்தால் க்ரானில் என்ன நடக்கும் என்பது ஓரளவு முன்பே தெரிந்துவிடும்.

கடவுச்சொல்லை மட்டும் இப்படிக் கொடுக்காதீர்கள். கமாண்டில் எழுதினால் ஓடும் புரோசஸ்களைக் காட்டும் பிஎஸ் பட்டியலில் மற்றவர்கள் கண்ணிலும் படும் என்பது உண்மைதான். மாறியில் வைத்தாலோ எல்லாக் குழந்தைப் புரோசஸுக்கும் போகும், கன்டெய்னரின் விவரங்களைக் காட்டும் டாக்கர் இன்ஸ்பெக்டிலும் அப்படியே தெரியும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் ஆவணமே பிஜிபாஸ்வேர்ட் மாறி வேண்டாம், பாஸ்வேர்ட் கோப்பை வைத்துக்கொள்ளுங்கள் என்கிறது. அந்தக் கோப்புக்கும் 600 அனுமதி (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) கொடுக்க வேண்டும். அதைவிடத் தளர்வாக இருந்தால் போஸ்ட்கிரெஸ் அதைப் படிக்காது.